கடலுக்குக் கீழே ஒரு தலைநகரம்

சேலம், ஆத்தூர்ப் பகுதி ஏரிகளின் மதகுகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஏரியின் நீர்மட்டம் உயரத்தில் நிற்கும். வயல் தாழ்வில் கிடக்கும். மதகின் பலகையைத் தூக்கினால் நீர் வயலுக்குப் பாயும். இதே மதகை இதற்கு நேர்மாறான வேலைக்கு வைத்திருக்கும் தலைநகரம் ஒன்று தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ளது. அங்கே மதகைத் தூக்கினால் ஊருக்குள் நிற்கும் மழைநீர் கடலுக்கு வெளியேறும். தூக்கும் வேளை தவறினாலோ கடல்நீர் ஊருக்குள் நுழைந்துவிடும். நாள்தோறும் இருமுறை, கடலின் போக்கைப் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாக இவ்வேலை நடந்து வருகிறது. அந்நகரின் பெயர் ஜார்ஜ் டவுன். கயானா நாட்டின் தலைநகரம் அது.

சென்னையில் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுனைத்தான் நமக்குத் தெரியும். அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் 1911-இல் பெயர் பெற்றது. கயானாவின் ஜார்ஜ் டவுன் அதைவிட மூத்தது. 1812-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியது. இரண்டும் ஆங்கிலேயர் வைத்த பெயர்கள். இரண்டும் கடற்கரையில் உள்ளவை. இரண்டுக்கும் இடையே தமிழர்களை ஏற்றிக்கொண்டு கப்பல்களும் சென்றிருக்கின்றன. அதைப் பின்னால் பார்ப்போம்.

அமைவிடம்

தென் அமெரிக்கப் படத்தில் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். வெனிசுவேலாவுக்குக் கிழக்கே கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானா என்று மூன்று நிலப்பகுதிகள் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றுள் மேற்கே உள்ளது கயானா. தென் அமெரிக்கக் கண்டத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே சுதந்திர நாடு இதுதான். 1966 மே 26-இல் விடுதலை பெற்று, 1970-இல் குடியரசாயிற்று. டெமராரா ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றின் கிழக்குக் கரையில் ஜார்ஜ் டவுன் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகை. கன்னியாகுமரியைவிடத் தெற்கே என்று நினைத்துக் கொண்டால் அங்குள்ள வெயிலும் புழுக்கமும் விளங்கிவிடும்.

இந்த 7 பாகையால் ஒரு நன்மையும் உண்டு. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் திருப்பம் வேண்டும். அத்திருப்பம் நிலநடுக்கோட்டில் சுழியாகி, அதைவிட்டு விலக விலகக் கூடுகிறது. தவிர, அட்லாண்டிக்கில் உருவாகும் புயல்கள் மேற்கும் வடமேற்குமாகவே நகரும். ஆகவே 13 பாகையில் இருக்கும் சென்னையை ஆண்டுதோறும் அச்சுறுத்தும் புயல்கள் ஜார்ஜ் டவுனை நெருங்குவதில்லை. இந்த ஒரு சலுகையும் இல்லாதிருந்தால் அந்நகரம் இன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. ஏனெனில் கயானாவின் கரையோரச் சமவெளி, கடல் ஏற்றத்தின்போது நீர் நிற்கும் மட்டத்தைவிட அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கிறது. நாட்டு மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாழ்வது இந்தக் குறுகிய சமவெளியில்தான்.

அமேசான் கொணர்ந்த சேறு

ஜார்ஜ் டவுன் கடற்கரைக்கு நீலக்கடலைக் காணும் ஆசையோடு செல்பவர் ஏமாந்து போவார். அக்கடல் தேநீரில் பால் கலந்ததுபோல் பழுப்பு நிறமாக இருக்கும். இதற்குக் காரணம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தென்கிழக்கே கடலில் கலக்கும் அமேசான் ஆறு. அது கொண்டுவந்து தள்ளும் வண்டலில் ஒரு பகுதி கடல் நீரோட்டத்தாலும் அலைகளாலும் கரையை ஒட்டியே வடமேற்காக நகர்கிறது. நகரும்போது பத்து முதல் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள சேற்றுத் திட்டுகளாகத் திரண்டு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வீதம் ஊர்ந்து செல்கிறது.

கேரளத்து ஆலப்புழைக் கரையில் தோன்றும் 'சாகரா' என்னும் சேற்றுத்திட்டைப் பற்றிப் படித்தவர்கள் இதை எளிதில் விளங்கிக் கொள்ளலாம். சேறு தங்கியிருக்கும் இடத்தில் அலை எழும்பாது. தண்ணீரில் செல்லும் அலை, கூழ்போன்ற சேற்றின்மேல் வரும்போது அதை அசைத்து அசைத்துத் தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. ஆகவே சேற்றுத்திட்டு எதிரே நிற்கும் ஆண்டுகளில் கரை அமைதியாக இருக்கும்; அலையாத்தி மரங்கள் முளைத்துக் காடாகும். திட்டு நகர்ந்துபோன பிறகு அதே கரையை அலைகள் நேராகத் தாக்கும், காடு அழியும், நிலம் அரிக்கப்படும். கரையின் ஒரே இடத்தில் ஒரு தலைமுறை கடலோடு உறவாடி வாழ, அடுத்த தலைமுறை கடலோடு போராட வேண்டி வருகிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதையும், வடக்கே கரை அரிக்கப்பட்டதையும் நாம் அறிவோம். அங்கே மனிதன் செய்த வேலையை இங்கே அமேசான் செய்கிறது.

ஊர் பிறந்த கதை

சேற்றின்மேல் நகரம் அமைத்தவர்கள் டச்சுக்காரர்கள். கடலைத் தடுத்து நிலம் பெறும் கலையில் அவர்களை மிஞ்சியவர் இல்லை என்பது உலகறிந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஆறுகளின் உட்பகுதியில்தான் முதலில் குடியேறினார்கள். அங்கே மண்வளம் குன்றியதும், வண்டல் நிறைந்த கரைச் சதுப்பின்மீது கண் விழுந்தது. 1746-இல் டெமராரா ஆற்றுப் பகுதி குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. டச்சுக்காரர்களோடு பார்படோஸ் தீவிலிருந்து ஆங்கிலத் தோட்ட முதலாளிகளும் வந்து குவிந்தார்கள்.

நகரின் பிறப்பு ஒரு விநோதம். 1781-இல் ஆங்கிலேயர் இப்பகுதியைப் பிடித்தார்கள். மறு ஆண்டே பிரெஞ்சுக்காரர் பிடித்து, ஆற்றின் வாயில் லோங்ஷாம்ப் என்ற ஊரைக் கட்டத் தொடங்கினார்கள். 1784-இல் அது டச்சுக்காரர் கைக்கு மீண்டது. அவர்கள் தங்கள் மேற்கிந்தியக் கம்பெனியின் தலைவராயிருந்த, ஸ்டாப்ரூக் பிரபு என்ற பட்டம் கொண்ட நிக்கோலாஸ் கீல்விங்கின் நினைவாக ஸ்டாப்ரூக் என்று பெயரிட்டார்கள். கடைசியாக ஆங்கிலேயர் 1803-இல் கைப்பற்றி, 1812-இல் ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். முப்பது ஆண்டுகளில் மூன்று கொடிகள், மூன்று பெயர்கள். ஆயினும் டச்சுக்காரரின் கைவண்ணத்தை எவரும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் ஊர் மூழ்கியிருக்கும்.

அவர்களுடைய முறை இதுதான். கடலிலிருந்து உள்நாடு நோக்கி நீளமான கீற்றுகளாக நிலத்தைப் பிரித்தார்கள். ஒவ்வொரு கீற்றின் முன்னும் கடலைத் தடுக்க ஒரு கரை. பின்னால் சதுப்புநீரைத் தடுக்க இன்னொரு கரை. இரு பக்கமும் பக்கக் கரைகள். நடுவே வாய்க்கால்கள். வாய்க்கால் கடலைச் சேரும் இடத்தில் மதகு. ஒவ்வொரு கீற்றும் ஒரு தோட்டம். பின்னாளில் தோட்டங்களே நகரின் வட்டாரங்கள் ஆயின. போர்டா, கிங்ஸ்டன், வெர்க்-என்-ருஸ்ட் என்ற பெயர்களை அந்நகரின் பகுதிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. நகரின் முக்கியச் சாலையான மெயின் தெருவின் நடுவே மர நிழலில் மக்கள் நடக்கும் நடைபாதை, ஒரு காலத்தில் வாய்க்காலாக இருந்து தூர்க்கப்பட்டது.

'கோக்கர்' என்னும் மதகு

கயானா மக்கள் இந்த மதகைக் 'கோக்கர்' என்கிறார்கள், டச்சுச் சொல். தோற்றத்தில் ஒரு தூக்குமரம்போல் இருக்கும். இரண்டு கம்பங்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், அதில் சுழலும் உருளை, கீழே தொங்கும் கனத்த கதவு. உருளையைச் சுற்றிக் கதவை ஏற்றவும் இறக்கவும் ஓர் ஆள் இருப்பார். அவர் கையிலிருக்கும் முக்கியக் கருவி கடல் ஏற்ற இறக்கத்தின் கால அட்டவணை.

கடல்நீர் நாளுக்கு இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்வதை ஓதம் என்பர். நிலவின் ஈர்ப்பு முதற்காரணம். சூரியனின் ஈர்ப்பு துணைக்காரணம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடம் ஆகிறது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட இந்த உயர்வு தாழ்வு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஜார்ஜ் டவுனில் அந்நாட்களில் இரண்டரை மீட்டரை எட்டும். கடல் உயர்ந்திருக்கும்போது கோக்கரை மூடுகிறார்கள். தாழ்ந்து, வாய்க்கால் நீரின் மட்டத்துக்குக் கீழே போனதும் திறக்கிறார்கள். வாய்க்கால் நீர் தானே கடலுக்கு ஓடிவிடும். எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை. நிலவு கடலை இறக்கித் தருகிறது. புவியீர்ப்பு நீரை வெளியே இழுக்கிறது. இத்தனை சிக்கனமான இயந்திரத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

கதவு தாங்கும் விசையை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் அகலமுள்ள கதவு. ஒரு பக்கம் இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கடல்நீர். மறு பக்கம் நீரில்லை என்று வைத்துக் கொள்வோம். நீரின் மேற்பரப்பில் அழுத்தம் சுழி, அடியில் மிகுதி, ஆகவே சராசரி அழுத்தம் ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ளது. அதைக் கதவின் பரப்பான நான்கு சதுர மீட்டரால் பெருக்கினால் நான்கு டன் எடைக்குச் சமமான விசை வரும். நீரின் உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தமும் இரு மடங்கு, பரப்பும் இரு மடங்கு. விசையோ நான்கு மடங்கு. கடற்சுவர் கட்டும் பொறியாளர் சில அங்குல உயர்வுக்கும் அஞ்சுவது இதனால்தான். 1855-இல் நகரின் கிங்ஸ்டன் பகுதிக்குள் கடல் புகுந்த பிறகு, மண்கரை போதாது என்று சுவர் எழுப்பத் தொடங்கி, அந்நூற்றாண்டின் இறுதிவரை கட்டினார்கள். மாலையில் அச்சுவரின்மேல் காற்று வாங்க உலவுவது இன்றும் நகரமக்களின் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் மெரினாதான்.

முன்னே கடல் என்றால் பின்னே இன்னொரு நீர் நிற்கிறது. நகருக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள சதுப்பில் மண்கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கிப் பெரும் நீர்த்தேக்கம் அமைத்திருக்கிறார்கள். கரும்புக்கும் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். லமாஹா கால்வாய் அதன் நீரை நகருக்குக் கொண்டுவருகிறது. தேக்கத்தின் நீர்மட்டம் ஊரைவிட உயரமானது. முன்னும் பின்னும் உயர்ந்த நீர், மேலிருந்து ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் மழை. மூன்றுக்கும் நடுவே ஒரு தட்டுப்போல் கிடக்கிறது நகரம்.

தோண்டிய கைகள்

நூல்கள் டச்சுப் பொறியாளரைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுவது வழக்கம். தோண்டியவர் யார் என்ற கேள்வியைக் கயானாவின் வரலாற்றாசிரியர் வால்ட்டர் ராட்னி எழுப்பினார். சர்க்கரைத் தொழில் பற்றி ஆராய்ந்த வென் குழு 1948-இல் தந்த கணக்கை அவர் எடுத்துக் காட்டுகிறார். ஒரு சதுர மைல் கரும்பு நிலத்துக்கு 49 மைல் வடிகால் வாய்க்காலும், போக்குவரத்துக்கும் பாசனத்துக்குமாக 16 மைல் கால்வாயும் வேண்டியிருந்தன. இவற்றை முதலில் வெட்டியபோது அகற்றிய மண் குறைந்தது பத்துக் கோடி டன். ஐந்து டன் ஏற்றும் லாரியில் அள்ளினால் இரண்டு கோடி லாரிச் சுமை! அதை லாரியில்லாத காலத்தில், இடுப்பளவுச் சேற்றில் நின்று, நீளப்பிடி மண்வாரியால் அள்ளிப் போட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1763-இல் பெர்பிஸ் பகுதியில் கஃபி என்பவர் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நகரின் புரட்சிச் சதுக்கத்தில் 1976-இல் நிறுவப்பட்ட அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. சிற்பி ஃபிலிப் மூர்.

அடிமைமுறை 1834-இல் ஒழிக்கப்பட்டது. 1838-இல் அவர்கள் முழு விடுதலை பெற்றார்கள். அதே ஆண்டு மே 5-இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 400 இந்தியரைக் கொண்டுவந்து இறக்கின. ஒப்பந்தக் கூலிமுறை தொடங்கிற்று. 1917 வரை கயானாவுக்கு வந்த இந்தியர் 2,39,000 பேர் அளவில் இருக்கலாம். பெரும்பாலோர் வட இந்தியர். 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் தமிழரும் தெலுங்கரும் சென்றார்கள். அங்கே அவர்கள் எல்லாரும் 'மதராசிகள்'. வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையைச் செப்பனிடுவதும் கரும்பு வெட்டுவதோடு சேர்ந்து இவர்கள் பங்குக்கும் வந்தது. சேறு நிறைந்த கடலில் வெட்டிய வாய்க்கால் சும்மா இருக்காது; ஆண்டுதோறும் நிரம்பும்.

தமிழ் அங்கே பேச்சுமொழியாக நிலைக்கவில்லை. ஆனால் மாரியம்மன் நிலைத்தாள். ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் நாம் காணும் வேப்பிலையும், நம் ஊர்த் தப்பும் கயானாவின் மதராசிக் கோயில்களில் உண்டு. அப்பறைக்குப் பெயரும் அங்கே 'தப்பு'தான். மதுரைவீரன், சங்கிலிக் கருப்பன், காட்டேரி ஆகிய தெய்வங்களின் பெயர்கள் உச்சரிப்பு சற்றே திரிந்து வழங்குகின்றன. ஆட்களின் பெயர்களும் அப்படியே. 2015 முதல் 2020 வரை பிரதமராயிருந்தவர் மோசஸ் வீராசாமி நாகமுத்து. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணியில் பந்து வீசியவர் வீராசாமி பெருமாள். ஆங்கில எழுத்தில் அப்பெயர்களைப் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியாது. வாய்விட்டுப் படித்தால் தெரிந்துவிடும்.

மரத்தால் ஆன நகரம்

ஜார்ஜ் டவுனைக் காணச் செல்வோரை முதலில் ஈர்ப்பது அதன் மரக்கட்டடங்கள். சேற்றின்மேல் கனத்த கட்டடம் கட்டினால் அது புதையும். சமமாகப் புதையாமல் ஒரு பக்கம் அதிகம் புதைந்து சுவர் பிளக்கும். புனித ஜார்ஜ் தேவாலயத்தின் வரலாறு இதற்குச் சான்று. முன்னிருந்த செங்கல் கோயில் விரிசல் கண்டு கைவிடப்பட்டது. புதிய கோயிலுக்கு ஆங்கிலக் கட்டடக் கலைஞர் ஆர்தர் பிளாம்ஃபீல்டு முதலில் வரைந்த கற்கோபுரத் திட்டம், பாரமும் செலவும் கருதித் தள்ளப்பட்டது. உள்நாட்டு மரத்தாலேயே கட்டச் சொன்னார்கள். 1892-இல் திறக்கப்பட்ட அந்த மரக்கோயிலின் உயரம் 43 மீட்டருக்கு மேல். உலகின் மிக உயர்ந்த மரத் தேவாலயங்களில் ஒன்று. இதில் பயன்பட்ட 'கிரீன்ஹார்ட்' என்ற கயானா மரம் மரங்களில் ஓர் அதிசயம். அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியோ சற்று மிகுந்தோ இருப்பதால், நீரில் இட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். கடற்பூச்சிகள் எளிதில் துளைக்க இயலாத மரமாதலால் கோக்கர் கதவுகளுக்கும் படகுத்துறைகளுக்கும் இதையே தேடுவர்.

1889-இல் கட்டி முடித்த நகர மண்டபமும் மரமே. பழைய வீடுகள் தரையிலிருந்து உயர்த்திய தூண்கள்மேல் நிற்கும். வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும்; வராத நாளில் காற்று ஓடும். அவற்றில் 'டெமராரா ஜன்னல்' என்ற ஓர் அமைப்பு உண்டு. மேலே கீல் வைத்து வெளிப்புறம் சாய்ந்து திறக்கும் கதவு. கீழே துளையிட்ட பெட்டி. பெட்டியில் நீர்ப் பாத்திரமோ பனிக்கட்டியோ வைத்தால் கடற்காற்று குளிர்ந்து உள்ளே வரும். மண்பானைத் தத்துவந்தான். மரத்துக்குப் பகை நெருப்பு. 1945 பிப்ரவரியில் நேர்ந்த பெருந்தீ வணிகப் பகுதியின் பெரும்பங்கை அழித்தது. அணிசேரா நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டுக்காகப் பழங்குடி மக்களைக் கொண்டு 1972-இல் ஓலையும் கொடியும் மரமுமாகக் கட்டிய 'உமானா யானா' என்ற வட்டக் கூடமும் 2014-இல் எரிந்தது. பின்னர் அதே வடிவில் மீண்டும் கட்டினார்கள்.

ஸ்டாப்ரூக் சந்தை மட்டும் இரும்பால் ஆனது. 1880, 1881-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று கட்டியது. மணிக்கூண்டோடு கூடிய அச்சந்தையின் ஒரு பகுதி ஆற்றுநீரின் மேலேயே நிற்கிறது. பழைய டச்சுப் பெயர் இங்கே உயிரோடிருக்கிறது. சந்தையில் வாழப்பாடிக்காரர் ஒருவர் நுழைந்தால் ஒரு பொருளைப் பார்த்து நின்றுவிடுவார்: மரவள்ளிக்கிழங்கு! நம் பகுதியில் ஜவ்வரிசி ஆலைகளை வாழவைக்கும் இந்தக் கிழங்கின் தாயகமே தென் அமெரிக்கா. கயானாவின் பழங்குடியினர் நச்சுத்தன்மை மிகுந்த கசப்பு மரவள்ளியைப் பயிரிடுகிறார்கள். துருவிய கிழங்கை 'மட்டாப்பி' என்ற நீண்ட பின்னல் குழாயில் திணித்துத் தொங்கவிட்டு, கீழ்முனையை நெம்புகோலால் இழுப்பார்கள். குழாய் நீளும்போது அதன் குறுக்களவு சுருங்கும்; கிழங்கு பிழியப்பட்டு, நச்சுச்சாறு வடியும். மாவில் ரொட்டி சுடுவார்கள். சாற்றையும் வீணாக்குவதில்லை. நன்கு காய்ச்சினால் சயனைடு ஆவியாகிப் போய்விடும். எஞ்சும் கருங்குழம்புதான் கயானாவின் புகழ்பெற்ற இறைச்சிக் குழம்புக்கு அடிப்படை. வேதியியல் நூல் எழுதப்படுவதற்கு முன்பே அறிந்திருந்த வேதியியல் இது.

கிரிக்கெட் அன்பர்களுக்குப் போர்டா மைதானம் நினைவிருக்கும். கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே அமைந்ததால் அதைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறார்கள். 1930-இல் மேற்கிந்திய அணி தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கே பெற்றது. 1971-இல் சுனில் கவாஸ்கர் தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்ததும் இங்கேதான்.

நகரிலிருந்து சிறு விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கையெட்டூர் அருவியை அடையலாம். பொட்டாரோ ஆறு 226 மீட்டர் ஒரே வீச்சில் விழுகிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஒரு துளி அடியைச் சேர ஏழு விநாடிக்குச் சற்றுக் குறைவாகும். விழுந்த நீரின் ஆற்றல் முழுவதும் வெப்பமானால் அதன் வெப்பநிலை அரைப் பாகை செல்சியஸ் உயர வேண்டும். கட்டை விரல் நுனியைவிட நுட்பமான வெப்பமானி கையில் இருந்தால் சோதித்துப் பார்க்கத் தக்க இடம்.

கடல் உயர்ந்தால்?

2005 ஜனவரியில் ஜார்ஜ் டவுன் வட்டாரத்தில் ஒரே மாதத்தில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சேலத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அது. பின்னாலுள்ள நீர்த்தேக்கம் விளிம்புவரை நிரம்பி, மண்கரை உடையுமோ என்ற நிலை வந்தது. முன்னால் கடல். கிழக்குக் கரைக் கிராமங்களில் வாரக்கணக்கில் நீர் வடியவில்லை. நீரோடு எலிக்காய்ச்சலும் வந்து உயிர்களைப் பறித்தது. சேதம் அந்நாட்டின் முந்தைய ஆண்டு மொத்த உற்பத்தியில் 59 சதவீதம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதாரக் குழு மதிப்பிட்டது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. அந்நகரைக் காப்பது சுவர் மட்டுமன்று. கோக்கர் திறந்திருக்கும் சில மணி நேரம். கடல்மட்டம் உயர்கிறது என்றதும் அலை சுவரைத் தாண்டி வரும் காட்சியைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். சுவரை உயர்த்திவிடலாம். ஆனால் கடலின் இறக்கத்தை இன்னும் இறக்க எந்தப் பொறியாளராலும் முடியாது.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஓதம் மெலிந்திருக்கும். அன்று கடல் சராசரி மட்டத்துக்கு மேலே 60 சென்டிமீட்டரும் கீழே 60 சென்டிமீட்டரும் போய் வருவதாகக் கொள்வோம். வாய்க்கால் நீர் சராசரி மட்டத்தில் நிற்கிறது. கடல் அதற்குக் கீழே இருக்கும் நேரமெல்லாம் கோக்கரைத் திறக்கலாம். அது ஒரு சுற்றில் சரிபாதி. 6 மணி 12 நிமிடம். இப்போது கடல் மட்டம் 30 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. 30 என்பது 60-இல் பாதி. சைன் 30 பாகை அரை என்பது பள்ளிக்கூடப் பாடம். ஓதம் சைன் வளைகோட்டில் செல்வதால், திறப்பு நேரத்தின் தொடக்கத்தில் 30 பாகையும் முடிவில் 30 பாகையும் கழிந்து, 180 பாகைக்குப் பதில் 120 பாகையே மிஞ்சுகிறது. அதாவது 4 மணி 8 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு நேரம் போயிற்று.

இழப்பு அத்தோடு நிற்கவில்லை. நீர் வெளியேறும் வேகம் இரு மட்டங்களின் வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது டாரிசெல்லி விதி. முன்பு மிகுதியாக 60 சென்டிமீட்டராக இருந்த வேறுபாடு இப்போது 30 ஆயிற்று. குறைந்த நேரம், குறைந்த வேகம் இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் ஒரு திறப்பில் வெளியேறும் நீர் பாதிக்கும் கீழே போகிறது. கதவு அதே கதவு, வாய்க்கால் அதே வாய்க்கால், வடிவதோ பாதி. மெய்யான வாய்க்காலில் வேறு பல காரணங்களும் கலக்கும். ஆனால் போக்கு இதுதான்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்கும் 2018-க்கும் இடையில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர், அந்த வேகமும் கூடிக்கொண்டே வருகிறது. கயானா மட்டுமன்று, ஆற்றின் முகத்துவாரம் வழியாக மழைநீரை வடிக்கும் எந்தக் கடலோர நகருக்கும் இக்கணக்கு பொருந்தும். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே வேளையில் வந்தால் கூவமும் அடையாறும் தயங்கி நிற்பதைச் சென்னைவாசிகள் பார்த்திருக்கிறார்கள்.

2005-க்குப் பின் கயானா அரசு நீர்த்தேக்கத்திலிருந்து நேராகக் கடலுக்கு ஹோப் கால்வாயை வெட்டி, எட்டுக் கதவுகள் கொண்ட மதகை அமைத்தது. பல கோக்கர்களின் பக்கத்தில் பம்புகள் வந்துவிட்டன. பம்பு ஓதத்துக்காகக் காத்திராது. ஆனால் எண்ணெய் கேட்கும். அந்த எண்ணெய் கயானாவுக்குக் கிடைத்தும் விட்டது. 2015-இல் கடலடியில் பெரும் எண்ணெய் வளத்தைக் கண்டுபிடித்து, 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். உலகெங்கும் எண்ணெய் எரிவது கடலை உயர்த்தும் காரணங்களுள் ஒன்று. கயானாவின் அந்த எண்ணெய்ப் பரப்புக்கு வைத்த பெயர் ஸ்டாப்ரூக். இதற்கிடையே, நகருக்குத் தெற்கே லிண்டன் நெடுஞ்சாலையை ஒட்டிய வெண்மணல் மேட்டில், கடல் எட்டாத உயரத்தில், 'சிலிக்கா நகரம்' என்ற புதிய ஊருக்கு வீடுகள் கட்டும் வேலையும் தொடங்கியிருக்கிறது.